நடந்து பார்க்கவா, மிதந்து பார்க்கவா? மும்பையிலிருந்து கடல் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

டிசம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும்போது மும்பைத் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டே பேச்சுதான்: ஊருக்குப் போவதா, லோனாவ்லா போவதா. இந்தத் தடவை டோம்பிவிலியில் இருக்கும் என் தம்பி மூன்றாவதாக ஒன்றைக் கிளப்பிவிட்டான். பிள்ளைகள் இரண்டும் பவளப்பாறை பார்த்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கின்றனவாம். "அக்கா, அந்தமானுக்கு டிக்கெட் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். கையில் இருப்பது ஐந்து நாள். கூட அம்மா வருகிறாள், அம்மாவோடு அவள் முட்டிவலியும் வருகிறது. வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இந்தக் கூட்டத்துக்கு நம் நாட்டுக் கடலோர தேசியப் பூங்காக்களில் எது ஒத்துவரும் என்று அவனுக்கு வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுபோய் இப்படி ஆகிவிட்டது.

தேசியப் பூங்கா என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது போரிவிலி. புலி சஃபாரி, கான்ஹேரி குகை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடல் பூங்காவில் அப்படி எதையாவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தைவிடத் தேசியப் பூங்காவுக்குக் கெடுபிடி அதிகம். சரணாலயத்தில் உள்ளூர்க்காரர்களின் சில உரிமைகளை விட்டுவைப்பார்கள். பூங்காவில் அதுவும் கிடையாது. அதனால்தான் கடல் சரணாலயமான மால்வண் பக்கம் ஸ்கூபா, ஸ்நார்க்கெலிங் எல்லாம் களைகட்டுகிறது. தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவில் தீவில் கால் வைக்கவே வனத்துறை சம்மதிக்க வேண்டும். "அங்கே என்னென்ன ஆக்டிவிட்டி இருக்கு?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி என்றால் பேசாமல் கொங்கண் ரயிலில் குடால் வரை போய், அங்கிருந்து மால்வண் போங்கள். சிந்துதுர்க் கோட்டையும் இருக்கிறது, மீன் சாப்பாடும் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் படகு ஓடாது. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது அந்தக் கடல் ஒரு நாளில் எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான். மும்பைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் "இன்று நாலரை மீட்டருக்கு மேல்" என்று மாநகராட்சி எச்சரிக்கை விடுவது அலையின் உயரத்தை அல்ல, கடல் ஏறுகிற அளவை. அதே கடல் ஆறு மணி நேரம் கழித்து எங்கேயோ போய்க் கிடக்கும். வடக்கே கட்ச் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். வளைகுடா உள்ளே போகப் போகப் புனல் மாதிரி ஒடுங்குவதால், புகுந்த தண்ணீர் உயரத்தில் போய் முடிகிறது. அதன் கடைக்கோடியில் 7 மீட்டர் வரைகூடப் போகும். அந்தமானில் 2 மீட்டரை ஒட்டி. மன்னார் வளைகுடாவில் 1 மீட்டர் தேறினால் பெரிது.

இதில் என்ன இருக்கிறது என்றால், தண்ணீர் நிறைய இறங்குகிற இடத்தில் பவளப்பாறைத் திட்டு வெளியே வந்துவிடும். செருப்பை மாற்றிக்கொண்டு நடந்தே பார்க்கலாம். ஆனால் அவ்வளவு தண்ணீர் தினம் இரண்டு தடவை போய் வந்தால் சேறு கலங்காமல் இருக்குமா? அங்கே முகமூடி போட்டு முங்கினால் பழுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. தண்ணீர் கொஞ்சமாக இறங்குகிற இடத்தில் பாறை எப்போதும் உள்ளேயே இருக்கும். அங்கே நீந்தணும், இல்லை கண்ணாடி அடித்தளப் படகில் உட்காரணும். ஆக, கட்ச் வளைகுடா காலுக்கு, அந்தமான் கண்ணுக்கும் மூச்சுக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பெரிய செலவுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்க்கலாம். தானே கழிமுகம் நம் வீட்டுக்குப் பின்புறம். 2015-ல் பூநாரைச் சரணாலயம் ஆகி, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையம் இருக்கிறது. அங்கிருந்து படகு விடுகிறார்கள். முலுண்டிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும். நவம்பரிலிருந்து மே வரை பூநாரைகள் இருக்கும், பெரும்பாலும் சின்னப் பூநாரைகள். படகு நேரம் கடிகாரப்படி இருக்காது, தண்ணீர் ஏறுகிற நேரப்படி இருக்கும், ஏனென்றால் வற்றத்தில், அதாவது கடல் இறங்கிக் கிடக்கிற நேரத்தில், அங்கே வெறும் சேறுதான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டுவதைப் பிள்ளைகள் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் தைரியமாக அடுத்த டிக்கெட் போடலாம். பத்தாவது நிமிடத்தில் போனைக் கேட்டால் அந்தமானில் போயும் அதையேதான் கேட்பார்கள். இந்தக் கழிமுகத்தில் நகரத்துச் சாக்கடையின் சத்தில் பாசி செழிப்பதும் பறவைகள் பெருகியதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். மும்பை மும்பைதான்.

சரி, குஜராத்தின் ஜாம்நகர். கட்ச் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா இந்தியாவின் முதல் கடல் தேசியப் பூங்கா. 1980-ல் சரணாலயமாகத் தொடங்கி 1982-ல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. நாற்பத்திரண்டு தீவுகள், அலையாத்திக் காடுகள், பவளத் திட்டுகள். இதில் சாதாரணக் குடும்பம் போய்ப் பார்க்கக்கூடிய இடம் நராரா. ஜாம்நகரிலிருந்து துவாரகை போகிற சாலையில், வாடினார் பக்கம், சுமார் 60 கிலோமீட்டர். தீவு என்று பெயர், ஆனால் கார் போகும். பிரோட்டன் என்று இன்னொரு தீவின் பெயரை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். அதற்குப் படகும் வேண்டும், அனுமதியும் வேண்டும், போன தண்ணீர் திரும்பி வரும்வரை தீவில் காத்திருக்கவும் வேண்டும். வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்யாமல் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

நராராவில் வனத்துறைச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கடல் இறங்க இறங்க அதன் பின்னாலேயே நடப்பதுதான் பயணம். முதலில் அலையாத்தி வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிற்கும். அது தாண்டினால் கணுக்கால் தண்ணீர், சில இடத்தில் முழங்கால் வரை. பவளம் என்று பிள்ளைகள் படத்தில் பார்த்த நீலமும் சிவப்பும் இங்கே இருக்காது. பழுப்பு, மங்கிய பச்சை, வட்ட வட்டமான கற்கள். முதல் இருபது நிமிடம் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றுதான் தோன்றும். அதன்பிறகு கண் பழகும். வழிகாட்டி ஒரு கல்லின் ஓரத்தைக் காட்டுவார், ஒன்றும் தெரியாது. அந்தக் "கல்" சட்டென்று வெளிறி, பிறகு கருத்து, தன் எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு அடுத்த பொந்துக்குள் வழுகிப் போகும். பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். அதைக் கடலில் அதன் இடத்தில், முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு முழத் தூரத்தில், ஒரு பைசா உபகரணம் இல்லாமல் பார்க்கக்கூடிய இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை. கடல் சாமந்தி, நட்சத்திர மீன், கடல் அட்டை, ஓடில்லாத வண்ண நத்தை, விதவிதமான நண்டு என்று குட்டைக்குக் குட்டை ஏதாவது ஒன்று இருக்கும். குனிந்து நடக்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நிறையக் கண்ணில் படும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். பேத்தை மீனைக் கையில் எடுத்து உப்ப வைத்துக் காட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கூட்டம் கை தட்டும். தண்ணீருக்கு வெளியே காற்றை விழுங்கி உப்பிய மீனுக்கு அந்தக் காற்றைத் திரும்ப வெளியே விடுவது லேசில்லை. கிளம்பும்போதே "எதையும் தூக்கிக் காட்ட வேண்டாம், இருக்கிற இடத்திலேயே காட்டுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். தூக்கச் சொல்வதே பெரும்பாலும் நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள்தான். அதேபோல் பவளத்தின் மேல் மிதிக்காமல், வழிகாட்டி மிதித்த மணல் பட்டையிலேயே மிதிக்கணும்.

காலணி முக்கியம். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்று போகும், வெறுங்காலில் பவளம் கிழிக்கும். பழைய கான்வாஸ் ஷூ, கயிறு இறுக்கிக் கட்டுவது, அதுதான் சரி. நிழல் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது, மூன்று மணி நேரம் வெயில். கழிப்பறை கரையோடு சரி. தூரத்தில் எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும் தெரியும். வாடினார் நாட்டின் பெரிய எண்ணெய் இறக்குமதி முனையங்களில் ஒன்று, குழாய்கள் இந்தப் பூங்காவை ஊடுருவித்தான் போகின்றன. இயற்கையின் மடியில் என்ற பாணியில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு அது உறுத்தும். செம்பூரிலும் மாஹுலிலும் வளர்ந்த எங்களுக்கு உறுத்தாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாள். நராராவுக்கு எந்த நாள் வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்தால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த மூன்று நான்கு நாள்களில் கடல் நன்றாக இறங்கும். நடுவில் அஷ்டமி நவமி வாக்கில் ஏறுவதும் குறைவு, இறங்குவதும் குறைவு. அஷ்டமி நவமியில் கிளம்பாதே என்று அம்மா சொல்வதை வாழ்நாளில் ஒரு தடவை மறுபேச்சில்லாமல் கேட்கக்கூடிய பயணம் இது. வற்றத்தின் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், அது பகல் வெளிச்சத்தில் விழுகிறதா என்றும் பார்க்கணும்; நடுராத்திரி வற்றத்தால் உங்களுக்கு என்ன லாபம்? ஒரு வருடத்துக்கான ஏற்ற வற்ற அட்டவணை முன்கூட்டியே கிடைக்கிறது. ரயில் முன்பதிவோ இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் அட்டவணையில் நாளைக் குறித்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நடை தொடங்குவது வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கரையைப் பார்த்து நடையைக் கட்டணும். அதில் வழிகாட்டி சொல்வதே சட்டம்.

அந்தமானுக்கு வருவோம். போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள் வாண்டூர். 1983-ல் அமைத்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, பதினைந்து தீவு. மக்கள் போவது ஜாலி பாய் அல்லது ரெட் ஸ்கின் என்ற இரண்டில் ஒன்றுக்கு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றதற்கு ஓய்வு. டிசம்பரில் ஜாலி பாய். படகு கிளம்புமுன் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் கூடாது. தீவில் கடை கிடையாது, ராத்திரி தங்கல் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை, அதைத் திட்டத்தில் மறந்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. படகு அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடித் தெளிந்த தண்ணீருக்கு வந்ததும் உண்மையிலேயே வாய் பிளக்கும். இந்தத் தண்ணீரின் நிறம் மேற்குக் கரையில் எங்கேயும் கிடையாது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தம்பி குடும்பத்துக்கு? நீச்சல் தெரியாதவர்களையும் மிதவைச் சட்டை போட்டு, வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி இழுத்துப் போவார். தைரியமுள்ள பிள்ளைக்கு அது போதும். முகமூடிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்ததும் அழுகிற பிள்ளைக்கு அன்றைய நாள் அதோடு முடிந்தது. கண்ணாடி அடித்தளப் படகில் எல்லாரும் பார்க்கலாம், அம்மா உட்பட. ஆனால் அது சில நிமிட வேடிக்கை, அதற்காக மும்பையிலிருந்து விமானத்தில் பெரும்பாலும் சென்னை வழியாகப் போய், ஐந்து நாளில் இரண்டைப் பயணத்தில் தொலைக்க வேண்டும். நான்கைந்து பேருக்கான டிசம்பர் விமானக் கட்டணத்தை எழுதி உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் போவதில்லை. ஒரு சௌகரியம் உண்டு: போர்ட் பிளேரில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம், இட்லிக்கும் அலைய வேண்டாம். கடலில் குளிக்க வாண்டூர் கரையில் நினைத்த இடத்தில் இறங்க வேண்டாம், உவர்நீர் முதலை எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல.

என் கணக்கில் அந்தமான், பிள்ளைகள் நீச்சல் கற்றபிறகு போக வேண்டிய இடம். முலுண்டிலோ டோம்பிவிலியிலோ ஒரு கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, குறைந்தது ஏழெட்டு நாள் கையில் இருக்கும்போது போகட்டும். அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்தால் அப்புறம் மறுபடி போக மனசும் வராது, காசும் வராது.

மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுதும்போது நடுநிலை காப்பது கஷ்டம். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் பாதிப்பேருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக 21 தீவு, 1986-ல் தேசியப் பூங்கா. அதைச் சுற்றிய பெரும்பரப்பு 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள், கடல் பசு, கடல் குதிரை. உயிர் வளத்தில் இந்தப் பட்டியலிலேயே இதுதான் பெரியது என்று அடித்துச் சொல்வேன். பார்க்கக் கிடைப்பது மிகக் கொஞ்சம் என்பதும் உண்மை. தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது, வனத்துறைப் படகு எங்கே எப்போது ஓடுகிறதோ அதைத்தான் பிடிக்கணும். கடல் பசுவைப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அரித்து அரித்துத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருடங்களில் பவளம் வெளுத்தது. குருசடைத் தீவுப் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி தப்பிப்போய்ப் பவளத்தின் மேல் படர்ந்தது தனிக் கதை. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்தில் பெண்கள் முகமூடி கட்டி முங்கிப் பாசி எடுப்பார்கள். அவர்களுக்கும் பூங்கா எல்லைக்கும் உள்ள இழுபறி இன்னும் தீரவில்லை. பிழைப்புக்கு முங்குகிறவர்களையே தடுக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்க வந்த நம்மை இறக்கிவிடவில்லையே என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

ஆகவே மன்னாருக்கென்று தனியாக விடுமுறை எடுக்காதீர்கள். தாதர்–திருநெல்வேலி வண்டியிலோ மதுரை விமானத்திலோ எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாளை இதற்கு ஒதுக்கலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போவதே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி, குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் நிற்கும் பூநாரைகள். பிறகு தொண்டிப் பக்கம் காரங்காடு. அது பூங்காவுக்கு வெளியே, பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறது; ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வனத்துறை நடத்தும் படகுச் சவாரியும் துடுப்புப் படகும் அலையாத்திக் காட்டுக்குள் போகும். அம்மாவுக்கு ராமேஸ்வரம் இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பவளம் பார்க்கவில்லையே என்ற குறையை அவள் சொல்ல மாட்டாள், பிள்ளைகள் சொல்வார்கள்.

பீத்தர்கனிகாவையும் சொல்லாமல் விட முடியாது. ஒடிசாவில் பிராமணி, பைதரணி ஆறுகள் கடலோடு சேரும் சேற்று நிலம், 1998-ல் தேசியப் பூங்கா ஆனது. பவளம் இல்லை, இங்கே நாயகன் உவர்நீர் முதலை. 1975-ல் டாங்மாலில் முட்டை பொரித்துக் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடும் திட்டம் தொடங்கியது. அப்போது நூறைக்கூடத் தொடாத எண்ணிக்கை இன்று 1,700-க்கு மேல். குளிர்காலக் காலையில் வெயில் காயச் சேற்றுக் கரைக்கு ஏறி வந்து வாயைத் திறந்தபடி படுத்திருக்கும். படகு பக்கத்தில் போனால் ஒரு அசைவும் இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று மரம் சரிகிற மாதிரி தண்ணீருக்குள் இறங்கும். முட்டிவலிக்காரர்களுக்குப் பாந்தமான இடம் இதுதான், ஏறக்குறைய எல்லாமே படகில் உட்கார்ந்தபடி. புவனேஸ்வரம் வரை விமானம், பிறகு நான்கு மணி நேரமாவது கார். கோனார்க் எக்ஸ்பிரஸில் போனால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், ஐந்து நாள் விடுமுறைக்கு அது சரிவராது. பக்கத்துக் கஹிர்மாதாவில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் முட்டையிடும் என்று படித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கரை வனத்துறைக்கும் ஏவுகணைத் தளத்துக்கும் நடுவே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரை வைத்திருக்கும் தீவு அங்கேதான். ஆமைக் குஞ்சு பார்க்க ஆசை என்றால் ரத்னகிரி மாவட்டத்து வேளாஸ் நமக்குக் கிட்டம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, கிராமத்து வீட்டில் தங்கிக் காலையில் கரைக்குப் போகலாம்.

செலவில் யாரோடும் போட்டி போட முடியாத இடம் ஜாம்நகர்தான். சௌராஷ்டிரா மெயிலில் இரவு போரிவிலியில் ஏறினால் மறுநாள் முற்பகலில் இறங்கலாம். அம்மாவை நராராச் சேற்றில் நடக்க வைக்க முடியாது, அதில் சந்தேகமே இல்லை. வெயிலில் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போவதும் அழகில்லை. ஆனால் அதே ரயில் பாதையில் துவாரகை இருக்கிறது. நூற்றியெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று, கேட்டதும் முட்டிவலி பாதி குறைந்துவிடும். ஜாம்நகரிலேயே லாகோட்டா ஏரிக்கரைப் பால ஹனுமான் கோயிலில் 1964 ஆகஸ்ட் முதல் ராம நாமம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளும் தம்பியும் நராராவில் இருக்கும் காலைப் பொழுதை அம்மாவும் தம்பி மனைவியும் அங்கே கழிக்கலாம், அல்லது தம்பி மனைவி கடலுக்குப் போக, தம்பி அம்மாவோடு இருக்கலாம். இதை அவனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

எல்லாரும் சேர்ந்து போகக்கூடியது ஜாம்நகருக்குப் பக்கத்துக் கிஜடியா பறவைச் சரணாலயம். ஒரு கரையின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புச் சேறு. அதனால் இரண்டு வகைப் பறவைகளையும் ஒரே நடையில் பார்க்கலாம், கார் போகிற தூரமும் உண்டு. சாயங்கால வெயிலில் நாரைகளும் கூழைக்கடாக்களும் இறங்குவது நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்குக் குஜராத்தித் தாலி. ஜாம்நகர்க் காய்ந்த கச்சோரியை ஒரு கிலோவாவது கட்டிக்கொண்டு வராவிட்டால் பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது: முதல் இரவு ரயில், மறுநாள் மாலை கிஜடியா, அதற்கடுத்த நாள் நராரா, பிறகு துவாரகை, கடைசியில் ஜாம்நகருக்கு வந்து திரும்பும் ரயில். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன். நராராவுக்கு முந்தின நாள் வனத்துறை அலுவலகத்தையோ வழிகாட்டியையோ கூப்பிட்டு மறுநாள் வற்ற நேரத்தைச் சரிபார்த்துவிடு. காற்று பலமாக இருந்தால் திட்டில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், உள்ளே இருப்பது தெரியாது. அப்படி என்றால் துவாரகையை முன்னால் வைத்துவிட்டு ஒரு நாள் தள்ளி வா. அப்போது வற்றம் 50 நிமிடம் தாமதமாக வரும், பிள்ளைகளும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். கோயில் காத்திருக்கும். திரும்பும் டிக்கெட்டை ஜாம்நகரிலிருந்தே எடுத்துவைத்தால் இந்த மாற்றத்துக்கு இடம் இருக்கும், துவாரகையிலிருந்து எடுத்தால் இருக்காது. எனவே ஜாம்நகரிலிருந்தே போடு.